காலண்டரில் என் நம்பர்

மார்கழி பிறந்த வாரம். கோயம்புத்தூரில் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனிக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வெப்சைட்டில் பம்பு படம் பெரிதாக வர வேண்டுமா, அவர் படம் பெரிதாக வர வேண்டுமா என்று அரை நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. தெரியாத நம்பர். தப்பித்தோம் என்று எடுத்தேன்.

"அக்கா, ஓ பாசிட்டிவ் ரெண்டு யூனிட்டு வேணும். சிவகாசியில இருந்து பேசுறேன். ஆளு இருக்காகளா?"

"தப்பான நம்பருங்க இது."

"இல்லக்கா. காலண்டர்ல இந்த நம்பர்தான போட்டிருக்கு?"

எந்தக் காலண்டர்? நான் என்ன ராசிபலனா சொல்கிறேன்? வைத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் இன்னொருவர். அவருக்கு பி நெகட்டிவ் வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

எங்களுடையது ஒரு சின்ன வெப் டிசைன் கம்பெனி. முதலாளி பெயர் பிரபு. நல்ல மனுஷர். அவர் நல்ல மனுஷராக இருப்பதுதான் எங்களுக்குத் தொந்தரவு. எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "அம்மணி, கம்பெனின்னா சம்பாதிச்சா மட்டும் பத்தாதுங்க. சமூகத்துக்கும் ஏதாச்சும் செய்யோணும்" என்றார். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு வெப்சைட் இலவசம். அது போதாதென்று, ஒவ்வொருவரும் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டு சனிக்கிழமை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். போன மாதம் எங்கள் கணக்கர் ரசப்பொடி அரைப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். பிரபு கைதட்டினார்.

இந்த வருஷத்து இலவசம், சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களுக்காக நடக்கும் ஒரு ரத்ததானக் குழுவுக்கு. அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்றால் ஒரே நம்பர். கூப்பிட்டால் அந்த குரூப் ஆளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்கள். குழுவுக்குப் பின்னால் நிற்பவர் தனபால் அண்ணாச்சி. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். வெப்சைட் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. செய்தேன். 'அழைக்க' என்ற பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த இடத்தில் தற்காலிகமாக என் நம்பரைப் போட்டிருந்தேன். எல்லா டிசைனரும் செய்வதுதான். "இது மாதிரிக்குத்தானுங்க, பார்த்துட்டு திருத்தம் இருந்தா சொல்லுங்க" என்று அண்ணாச்சிக்கு லிங்க் அனுப்பினேன்.

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். அச்சேறுவதற்கு முந்தின புரூஃப் கைக்கு வந்தால் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். திருத்தம் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு மெஷினில் ஏற்றுவார்கள். மூன்றாவது வழி அந்த ஊரில் கிடையாது. அண்ணாச்சி என் பக்கத்தைத் தாளில் எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து, பிழை ஒன்றும் இல்லை என்று கண்டு, கிராமத்து வீடுகளுக்கு வருஷாவருஷம் அவர் இலவசமாகக் கொடுக்கிற தினசரி காலண்டரின் அட்டையில் குழுவின் பெயரோடு நம்பரையும் அச்சடித்து, வண்டியில் ஏற்றி, வீடு வீடாகக் கொடுத்தும் முடித்துவிட்டார். வெப்சைட் இன்னும் வெளியே வரவில்லை. காலண்டர் வந்துவிட்டது.

சரி, அதற்கென்ன, கால் ஃபார்வர்டு போட்டால் போச்சு என்று நினைத்தேன். குழுவின் போனைக் கையில் வைத்திருப்பவர் செல்வராணி என்று ஒரு பெண். என் நம்பருக்கு வருவதெல்லாம் அவருக்குப் போகும்படி செய்தேன். ஒரே நாள்தான். என் அம்மா, பேங்க்காரன், கடன் வேண்டுமா என்று கேட்கிறவன், பம்புசெட் முதலாளி எல்லாரும் செல்வராணியைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, உங்கம்மாகிட்ட பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கேஸு தவறிரும் போலிருக்கு. எடுத்துருங்க" என்றார். எடுத்தேன்.

அதன்பின் வருகிற அழைப்பையெல்லாம் நானே எடுத்துச் செல்வராணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரபுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நேர்லயே போய்ச் சரி பண்ணிட்டு வந்துருங்க அம்மணி. நம்ம சமூகப் பணியாச்சு, கத்துக்கிட்டதாவும் ஆச்சு. அப்படியே அச்சகத்துல இருக்கிற பசங்களுக்கு வெப்சைட் பத்தி ஒரு கிளாஸ் எடுத்துருங்க." கையில் கம்பெனிப் பெயர் போட்ட டி-ஷர்ட் ஒன்றையும் திணித்தார். போட்டோவில் தெரிய வேண்டுமாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போதே தெரிந்தது.

போகிற பஸ் மதுரை தாண்டியதும் புகைய ஆரம்பித்தது. எல்லாரையும் வெயிலில் இறக்கிவிட்டு டிரைவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கண்டக்டரிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "அவரு எந்திரிச்சா கெளம்பும்" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. வேறு பஸ்ஸில் நின்றுகொண்டே விருதுநகர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மார்கழியாம். எங்கள் ஊரில் இந்நேரம் ஸ்வெட்டர் எடுத்திருப்பார்கள். இங்கே முதுகில் வேர்வை ஓடுகிறது.

பசியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். எண்ணெய் பரோட்டா. கல்லில் வாட்டுவது கிடையாது, எண்ணெயில் போட்டே எடுக்கிறார்கள். மொறுமொறு என்று வந்ததைப் பிய்த்துச் சால்னாவை ஊற்றினால், சொல்லக்கூடாது, அவ்வளவு நன்றாக இருந்தது. கோபத்தோடு சாப்பிட வந்தவளுக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது.

"எந்தூரு நீங்க?" என்றார் பரிமாறுகிறவர்.

"கோயம்புத்தூருங்க."

"அங்கன பரோட்டாவ எப்படிப் போடுவாக?"

"கல்லுல சுடுவாங்க."

"பாவம்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று வைத்தார்.

அந்த நேரம் பார்த்து போன். இரண்டு கையிலும் எண்ணெய். முழங்கையால் தேய்த்து ஸ்பீக்கரில் போட்டேன். கடையே கேட்டது.

"ரத்த நம்பரா?"

"ஆமாங்க, சொல்லுங்க, என்ன குரூப்பு?"

"ஒண்ணுமில்ல தாயி. காலண்டர் குடுத்தாக. நம்பரு வேலை செய்யுதான்னு சும்மா அடிச்சுப் பாத்தேன். வேலை செய்யுது. வச்சிருதேன்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி பிரபு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டீர்கள்? 'பரோட்டாவைப் பொரிக்கலாம்' என்று பதில் போட்டேன். கட்டைவிரல் அனுப்பினார்.

மறுநாள் காலை சிவகாசி. ஊர் வாசலில் ரயில்வே கேட் போட்டிருந்தான். கண்டக்டர் இறங்கிப்போய் டீ குடித்து, வடை தின்று, கடைக்காரரோடு அரசியல் பேசிவிட்டு வந்தார். ரயில் அதற்குப் பிறகுதான் வந்தது. லாட்ஜில் குளித்தால் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. எங்கள் ஊர்ச் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த தலைமுடி ஒரே குளியலில் தேங்காய் நாராகிவிட்டது.

தனபால் அண்ணாச்சியின் அச்சகத்துக்குள் நுழைந்தால் மெஷின் சத்தத்தில் என் பெயர் எனக்கே கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார். சாப்பிட்டேன் என்றாலும் விடவில்லை. இட்லி வரவழைத்தார். எனக்கு வந்த கோபத்தையெல்லாம் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். இட்லியை வாயில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

தின்று முடித்து ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, அது மாதிரிதானுங்களே. மாதிரியப் போய் அச்சடிச்சுட்டீங்களே."

அவர் மேஜை டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஓரத்தில் மூன்று கையெழுத்து. "மூணு பேரு படிச்சிருக்கோம். ஒரு எழுத்துப் பிழை காட்டுங்க பாப்போம்."

"பிழை இல்லீங்க. நம்பரே என்னுதுங்க."

"நம்பர நாங்க எப்படித் திருத்துறது? குடுத்தது நீங்க. புரூஃபுல வந்தது அச்சுல வரும். இந்த ஊர்ல அம்புட்டுத்தான்."

"வெப்சைட்டுல எப்ப வேணாலும் மாத்திக்கலாமுங்க. அதனாலதான் அப்படி விட்டிருந்தேன்."

"எப்ப வேணாலும் மாத்தலாம்னா அது எப்பத்தான் முடியும்?"

"முடியாதுங்க. மாத்திக்கிட்டே இருப்போம்."

அண்ணாச்சி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "முடியாத வேலைய எப்படிம்மா டெலிவரி குடுக்கீக?" என்றார். நிஜமான இரக்கத்தோடு கேட்டார்.

செல்வராணி அங்கேதான் வேலை செய்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற பகுதி. என்னைவிடச் சின்னவர். ஒல்லியாக, கேமரா இல்லாத ஒரு பட்டன் போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதுதான் குழுவின் போன். ராத்திரியும் கழற்றுவதில்லையாம். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"எந்தம்பிக்கு பட்டாசுக் கம்பெனியில அடிபட்டுருச்சுக்கா. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் அடிச்சேன். ஒருத்தன் தூங்குறான், ஒருத்தன் கல்யாண வீட்ல இருக்கான், ஒருத்தன் எடுக்கவே இல்ல. ரத்தம் கெடச்சப்ப அவன் இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தகரத்தை அடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பரோட்டாக் கடையில் வந்த அழைப்பை நினைத்தால்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குள் இருக்கிற காலண்டர் அத்தனையிலும் என் நம்பர். நான் தூங்கினால்? நான் கல்யாண வீட்டில் இருந்தால்?

வழியை அண்ணாச்சிதான் சொன்னார். ஸ்டிக்கர். சரியான நம்பரை ஸ்டிக்கரில் அடித்து, தப்பான நம்பர் மேல் ஒட்டிவிடுவது. சொல்லி நான் டீ குடிப்பதற்குள் ஸ்டிக்கர் கட்டுக்கட்டாக வந்துவிட்டது. மற்ற ஊரில் விசிட்டிங் கார்டுக்கே நாலு நாள் நடக்க வேண்டும். இந்த வேகம்தான் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கிளாஸ். அச்சகத்து டிசைனர்கள் இரண்டு பேர் எதிரில். முன்வரிசையில் அண்ணாச்சி. மெஷினை நிறுத்த முடியாது, ஆர்டர் இருக்கிறதாம். தொண்டை கிழியக் கத்தினேன். எது கேட்டதோ, டிசைனர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். "நீங்க போட்ட மாதிரிப் பக்கத்துல கலரு கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு. அச்சுல நாங்க கொஞ்சம் அடர்த்தியாக்கிட்டோம்" என்றார் ஒருவர். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். அன்று ராத்திரி பிரபுவுக்கு அனுப்பிய பதில்: 'புரூஃப் என்றால் புரூஃப்.' அவர் இதயம் அனுப்பினார்.

மூன்றாம் நாள் விஸ்வநத்தம் போனேன். மினிபஸ்ஸில் ஏறியதும் பக்கத்து இருக்கைப் பெண் கேட்காமலே என் மடியில் ஒரு மூட்டையை வைத்தார். உள்ளே பட்டாசுக்கான காகிதக் குழல்கள், வீட்டில் உட்கார்ந்து சுற்றியவை. "பிடிச்சுக்கிடுங்க, நசுங்கிரக் கூடாது" என்றார். ஸ்டிக்கர்ப் பை ஒரு பக்கம், குழல் மூட்டை ஒரு பக்கம். போன் அடித்தால் எந்தக் கையால் எடுப்பது என்று பதறிக்கொண்டே போனேன்.

ஊரில் பாதி வீடு பூட்டு. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். திறந்திருந்த வீடுகளில் வேறு தினுசான தொல்லை. முதல் வீட்டில் காலண்டரை விரித்தால், முருகன் படம். பாதத்துக்குக் கீழே என் நம்பர். ஸ்டிக்கரை எடுத்ததும் அந்த வீட்டு அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"சாமி காலு மேல எதையும் ஒட்டாதீக!"

"காலு மேல இல்லீங்க. கால் விரலுக்குக் கீழதான்."

"ஓரம் பட்டுதுல்ல? விரலு மறையுது பாருங்க."

மறைந்தது. அண்ணாச்சி ஸ்டிக்கரைத் தாராளமாக அடித்திருந்தார். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, சுண்டுவிரல் தெரியும்படி நறுக்கி ஒட்டினேன். அந்த அம்மா தள்ளி நின்று பார்த்து, "இப்ப சரி" என்றார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரம். அடுத்த வீட்டில் காலண்டரை ஆனைக்குட்டத்திலிருக்கும் மகளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதற்கடுத்த வீட்டில் சுருட்டி பீரோ மேல் போட்டிருந்தார்கள். புது வருஷம் பிறக்காமல் பிரிக்கக் கூடாதாம். "ஒண்ணாந் தேதி வந்து ஒட்டிக்கிடுங்க" என்றார் வீட்டுக்காரர். ஒன்றாம் தேதி இந்த ஊருக்கு வரவா நான் பிறந்தேன்?

இன்னொரு வீட்டில் ஸ்டிக்கரை மறுப்பே சொல்லாமல் ஒட்டவிட்டார்கள். மனது நிறைந்தது. அந்த வீட்டுப் பெண் போனை எடுத்துக் காட்டினார். "காலண்டர் எதுக்கு? நான்தான் நம்பர அன்னைக்கே ஏத்தி வச்சிட்டேனே." பார்த்தேன். என் நம்பர். பெயர்: ரத்த அக்கா. "எங்க தெருவுல எல்லாருக்கும் நான்தான் அனுப்புனேன்" என்றார் பெருமையாக.

தெருவிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். காலண்டரில் ஒட்டலாம். ஊரார் போனுக்குள் போய் எப்படி ஒட்டுவது?

சாயங்காலம் செல்வராணி சொன்னார்: "வீடு வீடாப் போனா ஆவாதுக்கா. ஆளெல்லாம் கம்பெனியில இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய் எல்லார்கிட்டயும் ஒரே வாட்டியா சொல்லிருங்க. பளைய நம்பர அழிச்சிட்டு புதுச ஏத்தச் சொல்லுங்க." நியாயமாகப் பட்டது. அண்ணாச்சி தெரிந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேசி அனுமதி வாங்கினார். உள்ளே போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் என் அழைப்புகளைச் செல்வராணிக்குத் திருப்பிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

நாலாம் நாள். கம்பெனி ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், இடையில் வேப்ப மரங்கள். வாசலில் வாட்ச்மேன். நைலான் துணி கூடாது, பருத்திதான். செருப்பைக் கழற்ற வேண்டும். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். போனை எடுத்தேன், ஃபார்வர்டு போட.

பிரபு வீடியோ காலில் வந்தார்.

"அம்மணி! ஃபேக்டரிக்கு முன்னாடியா நிக்கிறீங்க? பிரமாதம். டி-ஷர்ட் எங்கீங்க?"

"அது பாலியஸ்டருங்க. போட்டா உள்ள விட மாட்டாங்க."

"கேட்டுக்கு வெளியில நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறம் மாத்திக்கலாமுங்களே?"

"இங்க எங்கீங்க மாத்தறது? காட்டுலயா?"

"நம்ம சமூகப் பணின்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா அம்மணி?"

அவர் பேசினார், நான் பேசினேன். என் குரல் உயர்ந்தது. உள்ளே சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. "எம்மா, வாறீகளா இல்லையா? இருக்கிறதே அரை மணி நேரம்" என்று வாட்ச்மேன் போனை வாங்கி, பிரபுவை அணைத்து, பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். நான் தகட்டைத் தொட்டுவிட்டு ஓடினேன். ஃபார்வர்டு போடவில்லை. போடவில்லை என்பது நினைவுக்கும் வரவில்லை.

உள்ளே மரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. எனக்கும் ஒருவர் மூடியில் புளிசோறும் கருவாடும் வைத்துக் கொடுத்தார். ஸ்டிக்கர் கொடுத்தேன், போன் கைக்கு வந்ததும் பழைய நம்பரை அழிக்கச் சொன்னேன். "எதுக்கு மாத்துறீக? நீங்க நல்லாத்தான பேசுனீக?" என்றார் ஒருவர். அவர் மாமனாருக்கு முந்தின வாரம் நான் செல்வராணி மூலம் ஆள் அனுப்பியிருந்தேனாம். எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. வந்த நாளிலிருந்து அன்றுதான் முதல்முறையாக மனசு லேசாக இருந்தது.

வெளியே வந்து போனை வாங்கினேன். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு ஆண் குரல்.

"யாரு?"

"ரத்ததானக் குழுவுல இருந்து பேசறேனுங்க. கூப்பிட்டிருந்தீங்க…"

"இப்பத்தான் எந்திரிச்சீகளா?"

"இல்லீங்க, போன் வெளியில…"

"எம் பொண்டாட்டி பிரசவத்துல உள்ள கெடக்கா. ரத்தம் நிக்கல, உடனே ஆளு கொண்டான்னாக. உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சு வெரலு வலிச்சுப் போச்சு. கடைசியில ரோட்டுல நின்னு போறவன் வாறவன் கையப் பிடிச்சுக் கெஞ்சுனேன். எடுக்க மாட்டீகன்னா எதுக்கு நம்பரு போட்டீக?"

"இப்ப எப்படி இருக்காங்க? ரத்தம் கிடைச்சுதுங்களா?"

"கெடச்சது. ஒரு ஆட்டோக்காரரு குடுத்தாரு. தாயும் பிள்ளையும் இருக்காக. உங்களால இல்ல."

வைத்துவிட்டார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாராம். இல்லை என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஊரில் கேட்டுக்கு முன்னால் ஒரு பெண் அழுதால் வேறு அர்த்தம் கிடையாது.

அச்சகத்துக்குப் போய்ச் செல்வராணியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எடுக்காதது நீங்கன்னு அவருக்குத் தெரியாதுக்கா. செல்வராணி எடுக்கலன்னுதான் ஊரு சொல்லும். நாளைக்கு இன்னொருத்தருக்கு வேணும்னா, அந்த நம்பரா, அது எடுக்காதுன்னு விட்ருவாக. அதான் எனக்குப் பயமா இருக்கு."

லாட்ஜுக்குத் திரும்பி வந்து கட்டிலில் கிடந்தேன். எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும் பீரோ மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். ஆனைக்குட்டத்து மகள் வீட்டில் ஒன்று தொங்கும். நூறு போனில் ரத்த அக்கா இருப்பாள். நம்பரை ஊருக்குள்ளிருந்து எடுக்க முடியாது. ஊரிடமே விட்டுவிட வேண்டியதுதான். இவ்வளவு சின்ன விஷயம் புரிய எனக்கு நாலு நாளும் ஒரு பிரசவமும் வேண்டியிருந்தது.

அந்த நம்பர் கல்லூரி முடித்ததும் வாங்கியது. பேங்க், ஆதார், கேஸ், வாடிக்கையாளர் எல்லாரும் அதில்தான் தொங்குகிறார்கள். மறுநாள் காலையில் அத்தனையையும் மாற்ற உட்கார்ந்தேன். பழைய நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால் புது நம்பருக்கு ஓடிபி வரும், இரண்டையும் போட்டால் நேரம் முடிந்துவிட்டது என்று வரும். பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானம்வரை போராடினேன். அம்மாவிடம் சொன்னால், "அந்த நம்பர் எனக்கு மனப்பாடமாச்சே" என்று ஒரு பாட்டம் அழுதார்.

எல்லாம் முடிந்து சிம் கார்டைக் கழற்றிச் செல்வராணி கையில் வைத்தேன். சிம்மை அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பமும் கொடுத்துவிட்டோம். அவர் போனில் இரண்டு சிம் போட இடம் இருந்தது. சொருகி, மூடியை அழுத்தி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு கஷ்டமா இல்லையாக்கா?"

"ரொம்பக் கஷ்டமா இருக்குது. பேசாம வாங்கிக்கங்க" என்றேன்.

அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுவரை வந்து சாத்தூர்ச் சேவு ஒரு பெரிய பொட்டலம் கையில் கொடுத்தார். "அடுத்த வருசக் காலண்டருக்கு நம்பரு மாத்த வேண்டியதில்லைல? அதே பிளேட்ட வச்சுக்கிடலாம்" என்றார். அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

சனிக்கிழமை பாடம் எடுக்க நான் எழுந்திருக்கவில்லை. பிரபுவிடம் கேட்டுக்கு முன்னால் நடந்ததை அப்படியே சொன்னேன். உங்கள் போட்டோவால்தான் அந்த அழைப்பு தவறியது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன்பின் சமூகப் பணி என்ற பேச்சையே ஆபீசில் எடுக்கவில்லை.

தை முடிகிற சமயம். ஒரு காலையில் பிரபு ஆபீசுக்கு வரவில்லை, சொல்லவும் இல்லை. மத்தியானம் என் புது நம்பருக்குச் செல்வராணி கூப்பிட்டார்.

"அக்கா, உங்க மொதலாளி இங்கன ஆஸ்பத்திரியில இருக்காரு."

"ஐயோ, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரத்தம் குடுத்துட்டு படுத்திருக்காரு. பளக்கத்துல உங்க பளைய நம்பருக்கு அடிப்பாருல்ல? ஒரு நாளு, சார் நீங்க என்ன குரூப்புன்னு கேட்டேன். ஏபி நெகட்டிவ்ன்னாரு. எழுதி வச்சிக்கிட்டேன். இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு ஆப்பரேசன், நேத்து பூரா தேடியும் அந்த குரூப்பு எங்கயும் இல்ல. கூப்பிட்டேன். விடிய முன்ன வந்து நிக்காரு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"பேசுறீகளா? குடுக்கேன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"அம்மணி…" என்றார் பிரபு. "அன்னைக்கு நீங்க கேட்டுல நின்னப்ப நான் மட்டும் கூப்பிடாம இருந்திருந்தேன்னா…"

"சார், சார், போனக் குடுங்க" என்று செல்வராணி குறுக்கே வருவது கேட்டது. "இன்னொரு லைன்ல யாரோ கூப்பிடுறாக."

பட்டென்று வைத்துவிட்டார்.